கேசவின் அளவு

மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் இஞ்சி, சுக்கு, மிளகு அடைத்து வைத்திருக்கும் குடோன்களுக்கு முன்னால், விடிவதற்கு முன்பே பெட்டி ஆட்டோக்கள் வரிசை கட்டிவிடும். அந்த வரிசையில் நிற்கும் நீல வண்டியை ஆறு வருஷமாக ஓட்டுகிறவன் கேசவ். வண்டி குடோன் முதலாளி யூசுப்புடையது. மூட்டை ஏற்றுவது யூனியன்காரர்களின் வேலை, அதில் டிரைவர் கை வைக்கக் கூடாது. ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்னக் கடைகளிலும் காக்கநாட்டு ஐ.டி. கேன்டீன்களிலும் இறக்கி வைக்க ஆள் கிடையாது. அங்கே கேசவ்தான் தோள் கொடுக்க வேண்டும். இருபத்தொன்பது வயது, ஒல்லி உடம்பு. ஆனாலும் ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கிப் படியேறிவிடுவான்.

அவன் பிறந்தபோது பெண் குழந்தை என்று எழுதி, ஒரு பெண் பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரை அவன் விட்டு நாளாகிறது, நாமும் விட்டுவிடுவோம். கேசவ் என்பது அவனே எடுத்துக்கொண்ட பெயர். அப்பா ராமன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தோப்பும்படியில் கேசவ விலாஸ் என்ற ஹோட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் காமாலையில் அவர் போனபோது கேசவுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவை நினைத்தால் அந்த ஹோட்டல் பலகைதான் முதலில் கண்ணில் வரும். அதனால் அந்தப் பெயர்.

அம்மா ஒச்சம்மாள் மாநகராட்சியில் தெருப் பெருக்குகிறாள். இருவருக்கும் ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு, வெளியே தகரக் கதவு போட்ட குளியலறை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கேசவ் அம்மாவிடம் தன்னைப் பற்றிச் சொன்னான். அவள் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் அதற்கப்புறம் அவனைக் கூப்பிடும்போது ‘டி’யும் போடுவதில்லை, ‘டா’வும் போடுவதில்லை. “சாப்பிடு”, “குடை எடுத்துக்க” என்று மொட்டையாக நிற்கும் பேச்சு. அவன் குரல் தடித்தபோது மிளகுத் தூசி தொண்டையில் இறங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டு அம்மிணியிடம் சொன்னாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. கேட்காமல் இருந்தாள்.

கேசவ் முதலில் போட்டுக்கொண்டது ஆண் ஹார்மோன் ஊசி. மூன்று வாரத்துக்கு ஒன்று. போட்ட முதல் வாரம் உடம்பு திமிறும், யாராவது ஹார்ன் அடித்தால்கூடச் சண்டைக்கு இறங்கத் தோன்றும். மூன்றாம் வாரம் காற்றுப் போன டியூப் மாதிரி ஆகிவிடுவான். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஒரு பரிசோதனையில் ரத்தம் அளவுக்கு மேல் கெட்டியாகியிருப்பது தெரிந்தது. எறணாகுளத்தில் அவனைப் பார்க்கிற டாக்டர் ரமேஷ்பாபு ஊசியை நிறுத்தினார். அதே ஹார்மோனை, டெஸ்டோஸ்டிரோனை, ஜெல்லாக எழுதிக் கொடுத்தார். தலையை அமுக்கினால் அளவாக வெளியே வரும் புட்டி. தினமும் காலையில் இரண்டு அமுக்கு, உலர்ந்த தோளிலும் மேல்கையிலும் தடவ வேண்டும். காய்ந்த பிறகுதான் சட்டை. சில மணி நேரத்துக்குக் கழுவக் கூடாது, வேறு யார் தோலும் அந்த இடத்தில் படக் கூடாது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் ஊசியைப்போல ஏறி இறங்காது, ஒரே சீராக இருக்கும் என்றார்.

கேசவ் எல்லாவற்றையும் கவனமாகத்தான் கேட்டான். செய்வதற்குத் தோதான நேரம்தான் வீட்டில் இல்லை. அம்மா நாலரை மணிக்கு வேலைக்குக் கிளம்புவாள். அவள் போன கையோடு ஜெல்லைத் தடவி, காய்ந்தும் காயாமலும் சட்டையை மாட்டிக்கொண்டு குடோனுக்கு ஓடுவான். ஆறு மணிக்கெல்லாம் மூட்டை இறக்க ஆரம்பித்து ஏழு மணிக்குத் தொப்பலாக நனைந்திருப்பான். எட்டரைக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தால் அம்மாவும் வந்திருப்பாள். அந்த வீட்டில் வெளி வேலை பார்த்த உடம்போடு யாரும் தட்டில் கை வைக்க முடியாது. தெருக் குப்பையில் நின்றுவிட்டு வருகிற ஒச்சம்மாள் தான் முதலில் குளிப்பாள், பிறகு அவனைக் குளிக்க விரட்டுவாள். அவனும் தோளைத் தேய்த்துக் குளித்தான். நாலு மணி நேரத்தில் மருந்து உள்ளே போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். முந்நூறுக்கு மேல் இருக்க வேண்டிய ஹார்மோன் அளவு நூற்றுத் தொண்ணூறு. டாக்டர் இரண்டு அமுக்கை நாலாக்கினார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை என்னவென்று சொல்ல அவனுக்கே வார்த்தை கிடைக்கவில்லை. திங்கட்கிழமை எழுந்தால் உலகத்தையே தூக்கிவிடலாம் போலிருக்கும். வியாழக்கிழமை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகும். ஒருநாள் சின்ன விஷயத்துக்கு யூசுப்பிடம் கத்திவிட்டு, வண்டிக்குள் போய் உட்கார்ந்து அழுதான். ஊசிக் காலத்திலாவது எந்த வாரம் எப்படி இருக்கும் என்று தெரியும். இப்போது அதுவும் தெரியவில்லை. அதனால் ஒரு நோட்டு வாங்கினான். தினமும் மருந்து தடவிய நேரம், தடவிய இடம், எத்தனை மூட்டை, எப்போது குளித்தான், மனசு எப்படி இருந்தது, எல்லாவற்றையும் எழுதினான். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம் என்பதால் அந்த எழுத்துதான் அவனுக்கு ஓடும். அம்மாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் கூட்டி வாசிக்க வரும். நோட்டை ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அடுத்த பரிசோதனை நாளில் அவன் லீவு போட்டான். இந்த முறை சரியாக வர வேண்டும் என்று நாலு அமுக்கையும் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் இழுத்துத் தடவிக்கொண்டு, நேராக லேபுக்குப் போனான். ரத்தம் எடுக்கும் ஷீஜா அவன் இடது கையை மடக்கிப் பிடித்துப் பஞ்சால் துடைத்தாள். தோல் ஒட்டுகிறதே, என்ன தேய்த்திருக்கிறாய் என்று கேட்டாள். கிரீம் என்று சொன்னான். அவள் அவசரத்தில் இருந்தாள், ஊசியை ஏற்றினாள்.

வந்த அளவு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். சொன்னதற்கு மேல் தடவுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றான். சீக்கிரம் மாற வேண்டும் என்ற ஆசையில் சிலர் அப்படிச் செய்வதுண்டு, மறைக்காதே என்றார். ஏற்கனவே கெட்டியான ரத்தம், இந்த அளவுக்குப் போனால் ஆபத்து என்று சொல்லி நாலு அமுக்கை ஒன்றாகக் குறைத்தார். கேசவுக்குக் காது சுட்டது. பொய் சொல்கிறவன் என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் வழியெல்லாம் உறுத்தியது. ஆனாலும் காகிதத்தில் இருக்கிற எண்ணை எதிர்த்துப் பேச அன்றைக்கு அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஐந்து வாரம் ஒரே அமுக்கு. முகத்தில் முளைத்திருந்த ரோமம் அப்படியே நின்றது. இரண்டு மூட்டைக்கு ஒரு தரம் மூச்சு வாங்க நின்றான். பிறகு ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கொட்டகையின் முன்னால் சீட்டுக்காக வரிசையில் நின்றிருந்தபோது அடிவயிறு இழுத்துப் பிடித்தது. முன்பு மாதாமாதம் வந்து, இரண்டரை வருஷமாக மறந்திருந்த வலி அது. என்ன என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது.

முன்னாலும் பின்னாலும் டிரைவர்கள். வரிசையை விட்டால் மறுபடியும் கடைசியில்தான் நிற்க வேண்டும். கேசவ் விலகினான். ஆண்கள் கழிவறையில் கதவுள்ள ஒன்றே ஒன்றுக்குள் போய்த் தாழ் போட்டான். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டான். வண்டியில் கிடந்த பழைய சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, திரும்பி வந்து வரிசையின் வாலில் நின்றான். சீட்டு வாங்கி, சரக்கை ஏற்றி, கொண்டுபோய்ச் சேர்த்தான். அதற்குப் பிறகுதான் வண்டியை ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் ஓரம் கட்டினான்.

எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். அது ஒரு நிமிஷம்தான் நின்றது. விட்டுவிட்டு எங்கே போவது? திரும்பிப் போக அவனுக்கு வேறு ஆள் யாரும் உள்ளே இல்லை. டிரைவர் இருக்கைக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

தினமும் எழுதியபோது தெரியாதது சேர்த்துப் படித்தபோது தெரிந்தது. திங்கட்கிழமைகளெல்லாம் நன்றாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை லோடு கிடையாது, குளிப்பதும் மத்தியானம்தான். யூசுப்பின் உம்மா இறந்து குடோன் ஐந்து நாள் மூடிக் கிடந்தபோது, அந்த ஐந்து நாளும் நன்றாக இருந்தன. வெயிலில் காக்கநாடு லோடு அடித்த வாரங்கள் எல்லாம் மோசம். வியர்வையிலும் தண்ணீரிலும் மருந்து போய்க்கொண்டிருந்தது. சரி, அது குறைந்ததற்குக் காரணம். அப்படியானால் ஆயிரத்து எண்ணூறு எங்கிருந்து வந்தது? பரிசோதனை நாளின் பக்கத்தைப் புரட்டினான். ‘லீவு. முழங்கை வரை தடவினேன். இடது கையில் எடுத்தார்கள். ஷீஜா சேச்சி ஒட்டுகிறது என்றார்.’

அன்று சாயங்காலமே லேபுக்குப் போனான். கூட்டம் குறையும்வரை நின்றுவிட்டு, அன்றைக்குத் தேய்த்திருந்தது கிரீம் இல்லை, மருந்துதான் என்று ஷீஜாவிடம் உண்மையைச் சொன்னான். அந்த மருந்தின் வழியாகவே ஊசி உள்ளே போயிருந்தால் எண் தப்பாக வருமா என்று கேட்டான். ஷீஜா கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தாள்.

“மாம்பழம் அரிஞ்ச கையோட வந்து சுகர் பாக்கிறவங்க உண்டு,” என்றாள். “விரல்ல குத்தினா முந்நூறு காட்டும். கையைக் கழுவிட்டு வேற விரல்ல குத்தினா நூத்திப்பத்து. ரத்தத்துல ஒண்ணும் இருக்காது, தோல்லதான் இருக்கும்.” கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு, “உன்னோடது அப்படித்தான்னு நான் சொல்ல முடியாது. ஆனா டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விதான்,” என்றாள்.

டாக்டரிடம் அடுத்த டோக்கன் இரண்டு வாரம் கழித்துத்தான் இருந்தது. கேசவ் காத்திருக்கவில்லை. மறுநாள் லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்கே அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். நர்ஸ் இரண்டு முறை போகச் சொன்னாள். கடைசி ஆளாகப் பார்த்தால் போதும் என்றான். ஒன்றே காலுக்குக் கதவு திறந்தது.

நோட்டை மேஜையில் வைத்தான். வழியில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்ததை நிதானமாகச் சொன்னான்.

“நான் கூடுதலா தடவல சார். நம்ப வேண்டாம், சோதிச்சுப் பாருங்க. அன்னைக்கி மாதிரியே முழங்கை வரைக்கும், இடது கையில மட்டும் தடவிட்டு வர்றேன். ஒரே நேரத்துல ரெண்டு கையிலயும் ரத்தம் எடுங்க. ரெண்டும் ஒண்ணா வந்தா நீங்க சொன்னதக் கேக்குறேன்.”

ரமேஷ்பாபு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நோட்டைப் பிரித்தார், நாலைந்து பக்கம் வாசித்தார். வெலிங்டன் தீவில் நடந்தது அதில் இருந்தது. அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து, இடது, வலது என்று இரண்டு தனித்தனிப் பரிசோதனை எழுதினார்.

வலது கையில் நூற்று நாற்பது வந்தது. இடது கையில் ஆயிரத்துக்கு மேல். ஒரே ஆள், ஒரே நேரம்.

டாக்டர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எந்த இடத்தில் தடவினாய், எந்தக் கையில் எடுத்தார்கள் என்று அன்றைக்கே தான் கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னார். அவன் மேல் சந்தேகப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். அளவை மூன்று அமுக்காக ஏற்றினார், ரத்தத்தின் கெட்டித்தன்மைக்கும் கூடவே பரிசோதனை எழுதினார். இனி தோளோடு நிறுத்திக்கொள், முழங்கைப் பக்கமே போகாதே, ரத்தம் எடுக்கிற நாளிலும் தடவிய இடத்துக்கும் ஊசிக்கும் எட்டாத தூரம் இருக்கட்டும், எப்போதும் ஒரே நேரத்தில் எடு என்றார். எல்லாவற்றையும் விட முக்கியம், தடவிய பிறகு வியர்க்காமல், நனையாமல் இருக்கிற ஒரு நேரத்தைக் கண்டுபிடி என்றார்.

அந்த நேரம் எது என்று கேசவுக்குத் தெரியும். காலை ஒன்பது மணி. லோடு முடிந்து, குளித்து, உடம்பு உலர்ந்த பிறகு. ஒரே அறை, ஒரே மின்விசிறி, அடுப்பு முன்னால் அம்மா.

முதலில் யூசுப்பிடம் போனான். காக்கநாட்டுக் கனத்த லோடுகளையெல்லாம் எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன், அதற்குப் பிறகு பஜாருக்குள் ஓடும் சின்ன லோடு மட்டும் கொடுங்கள் என்றான். காரணம் கேட்டார்.

“ஒரு மருந்து இக்கா. தடவினா வேர்க்கக் கூடாது.”

ஆறு வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு எடுத்தபோது வைத்திருந்த பெயரையும், பிறகு மாற்றிக்கொண்ட பெயரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொண்டவர் யூசுப். இப்போதும் அதற்கு மேல் கேட்கவில்லை. நாளையிலிருந்து நாலரைக்கு வந்துவிடு என்றார்.

மறுநாள் கேசவ் எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து குளித்தான். தலையும் தோளும் நன்றாகத் துடைத்து, கையில்லாத பனியனோடு மின்விசிறிக்கு நேராக நின்றான். புட்டியை எடுத்தான். ஒச்சம்மாள் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“அது என்னது?”

“மருந்தும்மா.”

“எதுக்கு?”

அவன் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. குரலுக்கும் மீசைக்கும் காரணம் மிளகுத் தூசி இல்லை, இதுதான் என்றான். ஒரு வருஷமாகத் தினமும் அவள் வேலைக்குப் போன பிறகு தடவிக்கொண்டதையும், அது உடம்பில் நிற்காமல் போனதையும், அதனால் அளவு ஏறி இறங்கி அவன் பட்டதையும் சொன்னான். சொல்லிக்கொண்டே தோளில் தடவினான். 

ஒச்சம்மாள் அடுப்பை அணைத்தாள். “குளிச்சா போயிருமா?”

“போயிரும்.”

“அப்ப இத்தனை நாளும் நாந்தான் கழுவி விட்டிருக்கேன்.” தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். “சொல்லிருக்கலாம்ல?”

“சொன்னா நிறுத்தச் சொல்லுவியோன்னு பயம்.”

“நிறுத்தத்தான் சொல்லிருப்பேன்,” என்றாள் ஒச்சம்மாள். அவனிடம் பொய் சொல்லிச் சமாளிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“இப்பவும் சொல்றியா?”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் தோள் ஈரமாக மின்னுவதைப் பார்த்தாள். தோசையை மூடி வைத்தாள். காயட்டும், பிறகு சாப்பிடலாம் என்றாள். கட்டில்மேல் கிடந்த நோட்டைக் காட்டி, தினமும் உட்கார்ந்து எழுதுகிறாயே, அதுவும் இதைப் பற்றித்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் வாசிக்கச் சொன்னாள். மலையாளத்தில் எழுதியதை அவன் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். ஒச்சம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். வெலிங்டன் தீவுப் பக்கம் வந்தபோது அதைத் தாண்டிவிடலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று முழுசாக வாசித்தான்.

“அன்னைக்கி எனக்கு ஒரு போன் பண்ணிருக்கக் கூடாதாடா,” என்றாள்.

கேசவ் அதைக் கேட்டான். நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

மூன்று மாதம் கழித்து அளவு நானூற்று முப்பது வந்தது. அதற்கடுத்த முறை ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ரத்தத்தின் கெட்டியும் கட்டுக்குள் இருந்தது. ஷீஜா வலது முழங்கையை இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் ஊசியைத் தொட்டாள். அந்த வலி திரும்ப வரவில்லை. வியாழக்கிழமையும் திங்கட்கிழமை மாதிரியே விடிந்தது. எல்லா நாளும் அப்படியே இருந்துவிடவில்லை. ஏப்ரல் வெயிலில் வீட்டுக்குள்ளேயே வியர்த்து வழிந்து ஒரு வாரம் சரிந்தான். குளித்த பிறகு பதினைந்து நிமிஷம் கூடுதலாக மின்விசிறியடியில் உட்கார்ந்து அதையும் சமாளித்தான். காக்கநாடு கலெக்டரேட்டில் திருநர் அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுத்து, மூன்று முறை அலைந்து, கேசவ் என்ற பெயரில் அட்டையை வாங்கினான். அதை வைத்து லைசென்ஸிலும் பெயரை மாற்றினான்.

ஜூனில் மழை இறங்கியது. ஒருநாள் காலை, மூன்று அமுக்கையும் தடவி முடித்த நேரத்தில் கரண்ட் போனது. மட்டாஞ்சேரி மழையில் துணியே காயாது, தோள் எங்கே காயும்? கேசவ் இரண்டு கையையும் உடம்பில் ஒட்டாமல் விரித்துக்கொண்டு நின்றான். அரிசிச் சாக்கை மூடியிருந்த அட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ஒச்சம்மாள் வந்தாள். அவன் மேல் படாமல் ஓரடி தள்ளி நின்று விசிற ஆரம்பித்தாள். கை வலித்ததும் அட்டையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

போன் அடித்தது. யூசுப். பஜார் லோடு ஏற்றிவிட்டார்கள், வண்டி எங்கே என்றார்.

“பத்து நிமிஷம் இக்கா,” என்றான் கேசவ். “காயுது. வந்துடறேன்.”